மரங்கள் குடிபெயர்கின்றன

 

சென்ற தை மாதக் கடைசியில் எங்கள் மதரஸா மாணவர்கள் முப்பது பேரை அழைத்துக்கொண்டு உதகமண்டலம் சென்று வந்தோம். வெள்ளகோவிலில் பஜ்ருத் தொழுகையை முடித்துக்கொண்டு புறப்பட்ட வண்டி, காங்கயம், திருப்பூர், அவிநாசி வழியாக மேட்டுப்பாளையத்தை அடைந்தபோது நன்றாக விடிந்திருந்தது. வழியில் காணும் மரங்களின் பெயர்களை எல்லாம் எழுதி வருபவருக்குப் பரிசு உண்டு என்று அறிவித்து, ஆளுக்கொரு சிறிய குறிப்பேடு கொடுத்திருந்தேன். பேனாவைப் பிடித்தவர்களில் பாதிப்பேர் காங்கயம் தாண்டுமுன்பே உறங்கிவிட்டனர். ஒரே ஒரு மாணவன் மட்டும் சன்னலோரத்தை விட்டு அசையவில்லை. அவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். அவனுடைய குறிப்பேடு இப்போது என் மேசைமீது இருக்கின்றது; இம்மாதக் கட்டுரைக்கு அதுவே மூலம்.

வெள்ளகோவில் என்ற தலைப்பின்கீழ் அவன் எழுதியிருப்பவை: வேம்பு, வெள்வேல், பனை, சீமைக்கருவேல். கல்லாறு வந்ததும் பாக்கு, பலா, மூங்கில். குன்னூரில் கற்பூர மரம், அதற்குப் பக்கத்தில், "தேயிலை - இது மரமா? ஹஜ்ரத்திடம் கேட்க வேண்டும்." (வெட்டாமல் விட்டால் தேயிலையும் மரமாகத்தான் வளரும்.) தொட்டபெட்டா என்ற தலைப்பின்கீழ் ஒரே ஒரு வரி: "பெயர் தெரியாத சிவப்புப் பூ மரம்."

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகை 2,200 மீட்டர். மலை இரயில் இந்த உயரத்தை 46 கிலோமீட்டர் தொலைவில் ஏறி முடிக்கின்றது. ஆயிரம் மீட்டர் மேலே போனால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும் என்பது கணக்கு. ஆகவே காலைப் பொழுதுக்குள் பதினோரு பாகைக் குளிர்ச்சிக்கு ஏறிவிட்டோம். சமவெளியில் இவ்வளவு மாறுதலைக் காண வேண்டுமானால் வடக்கு நோக்கிப் பல நூறு காதம் பயணம் செய்ய வேண்டும். மலை என்பது ஓர் ஏணி. அதன் ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு வகை மரம் குடியிருக்கின்றது.

நிலத்தைச் செடிகொடிகளின் பெயரால் வகுத்த இனம் தமிழினம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்பவை எல்லாம் பூக்களும் மரங்களும்தாமே? கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்த நாள்களில் என் மனத்தில் பதிந்த செய்தி ஒன்றுண்டு. சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் பாலைக்கெனத் தனியாக ஓரிடத்தை ஒதுக்கவில்லை. குறிஞ்சியும் முல்லையும் வெம்மையினால் தம் இயல்பு கெட்டுப்போனால், அவையே பாலை ஆகிவிடும் என்பது அவர் கருத்து. வெப்பம் மாறினால் திணை மாறும். அன்றைக்கு அதை அழகான கற்பனை என்று நினைத்துத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினேன். அது நில நூல் என்பது இப்போதுதான் புரிகின்றது.

தொட்டபெட்டாவில் அந்த மாணவன் காட்டிய சிவப்புப் பூ மரத்திற்கு வருகின்றேன். அதற்குக் காட்டுப்பூவரசு என்று பெயர். பூவரசுக்கும் அதற்கும் உறவு எதுவும் இல்லை. ஆங்கிலேயர்கள் ரோடோடெண்ட்ரான் என்பார்கள். முறுக்கிய அடிமரம், தடித்த இலைகள், கொத்துக் கொத்தாக இரத்தச் சிவப்புப் பூக்கள். நீலகிரி, ஆனைமலை, பழனிமலை ஆகியவற்றின் உச்சிகளில் இது வளர்கின்றது. இதன் நெருங்கிய உறவினர்கள் எங்கே இருக்கின்றார்கள் என்பதுதான் வியப்பு. ஒரு கிளை இலங்கையின் நுவரெலியா மலைகளில். மற்றொன்று இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இமயமலையில்! இடைப்பட்ட சமவெளியில் ஒரு கன்றுகூடக் கிடையாது.

"அங்கிருந்து இங்கே எப்படி வந்தது, ஹஜ்ரத்? மரம் நடக்குமா?" என்று அவன் கேட்டான்.

நல்ல கேள்வி. சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு உலகம் இப்போதிருப்பதைவிடக் குளிர்ந்திருந்தது. வட ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் பனிப்பாளங்கள் மூடியிருந்தன. அத்தகைய குளிர்க்காலங்களில், இன்று மலையுச்சியில் மட்டும் வாழும் மரங்கள் தாழ்ந்த குன்றுகளிலும் வாழ முடிந்தது; குன்றுக்குக் குன்று தாவித் தெற்கே பரவின. பிறகு உலகம் வெப்பமடைந்தபோது தாழ்ந்த இடங்களில் இருந்தவை அழிந்தன. மேலே ஏறியவை மட்டும் பிழைத்தன. வெள்ளத்தில் மேட்டு நிலங்கள் மட்டும் தீவுகளாக நிற்பதுபோல, உச்சிகளில் அவை ஒதுங்கி நிற்கின்றன. தாவர அறிஞர்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் விளக்கம் இது.

நீலகிரி மண்ணே இதற்கு ஒரு சாட்சியை வைத்திருக்கின்றது. அங்குள்ள பள்ளத்தாக்குகளின் அடியில் மக்கியும் மக்காமலும் கிடக்கும் கருஞ்சேறு, அடுக்கடுக்காகப் படிந்துள்ளது. மேலடுக்கு நேற்றையது, கீழடுக்கு பல்லாயிரம் ஆண்டுப் பழையது. கரி அணுக்களில் எடை குறைந்ததும் கூடியதுமாக வகைகள் உண்டு. வெப்பநாட்டுப் புற்கள் அவற்றை ஒரு விகிதத்திலும் மரஞ்செடிகள் வேறொரு விகிதத்திலும் உட்கொள்கின்றன. ஆகவே சேற்றின் ஓர் அடுக்கைச் சோதித்தால், அக்காலத்தில் அங்கே எதன் கை ஓங்கியிருந்தது என்று சொல்லிவிடலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் இராமன் சுகுமாரும் அவருடைய தோழர்களும் இதைச் செய்து 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். இருபதாயிரம் முதல் பதினாறாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வரை வறட்சி, புல்லின் ஆட்சி. ஏறத்தாழப் பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பெருமழைக் காலம், மரஞ்செடிகளின் ஆட்சி. காடும் புல்வெளியும் அந்த மலையில் ஒன்றையொன்று துரத்திப் பிடித்து விளையாடியிருக்கின்றன.

ஆனால் மாணவனின் கேள்விக்கு இது முழு விடை ஆகாது. மரம் நடப்பதில்லை. நட்ட இடத்தில் நின்று அங்கேயே சாகின்றது. நடப்பது அதன் சந்ததி. வெப்பம் கூடும்போது, ஒரு மரவகை வாழும் எல்லையின் கீழோரத்தில் விதைகள் முளைக்கின்றன. முளைத்தவை கோடையில் கருகுகின்றன. பெரிய மரங்கள் ஒன்றும் அறியாதவைபோல் நிழல் தந்துகொண்டிருக்கும். பார்ப்பவர்க்குக் காடு பசுமையாகவே தெரியும். பாட்டனும் பாட்டியும் இருப்பார்கள், பேரப்பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். அதே காலத்தில் மேலோரத்தில், முன்பு குளிரில் செத்துப்போன கன்றுகள் பிழைக்கத் தொடங்கும். ஒரு நூறு ஆண்டு கழித்துப் பார்த்தால் காடே மேலே நகர்ந்திருக்கும்.

இதைச் சொல்லி முடித்ததும், "அப்படியானால் மரமும் ஹிஜ்ரத் செய்கிறது, ஹஜ்ரத்!" என்றான். அந்தச் சொல்லை அப்படியெல்லாம் ஆளலாகாது என்று திருத்த வாயெடுத்தேன். பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

விதைக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. யாராவது சுமக்க வேண்டும். இங்கிலாந்தில் கிளமென்ட் ரீட் என்னும் அறிஞர் 1899-இல் ஒரு கணக்குப் போட்டார். பனிக்காலத்திற்குப் பிறகு ஓக் மரம் தெற்கிலிருந்து பிரிட்டனின் வடகோடி வரை பரவியிருக்கின்றது. அதன் கொட்டை கனமானது, மரத்தடியிலேயே விழும். தானாக உருண்டு அவ்வளவு தூரம் போக வேண்டுமானால் பத்து இலட்சம் ஆண்டுகள் ஆகும்! ஆனால் கிடைத்த காலமோ சில ஆயிரம் ஆண்டுகளே. ஆகவே பறவைகள்தாம் கொட்டைகளைக் கவ்விச் சென்று கைதவறிப் போட்டிருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். பறவைகளின் மறதியில் ஒரு நாட்டின் காடு முளைத்தது!

நம் சோலைக்காடுகளிலும் இதே கதைதான். காட்டுப்பூவரசின் விதை தூசுபோல நுண்ணியது, காற்று கொண்டுபோகும். அங்குள்ள நாவல் வகைகள் நம்மூர் நாவலின் பங்காளிகள். அவற்றின் பழத்தை நீலகிரிக் காட்டுப்புறா தின்று விதையை வேறிடத்தில் எச்சமிடும். ஆனைமலையில் இருவாச்சி பெரிய பெரிய பழங்களை முழுதாக விழுங்கிப் பறந்து செல்லும். அந்தப் பறவை இல்லையென்றால் அம்மரங்களுக்குப் போக்குவரத்து இல்லை. வால்பாறையில் காடுகளுக்கு நடுவே தேயிலைத் தோட்டங்கள் கடல்போல் கிடக்கின்றன. ஒரு காட்டுத் துண்டிலிருந்து மற்றொன்றுக்கு விதையைக் கடத்தும் தோணி இருவாச்சிதான்.

மரங்கள் இவ்வாறு இடம் மாறுவது புதிதன்று. புதியது வேகம். 2011 முதல் 2020 வரையான பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இருந்ததைவிட 1.1 பாகை கூடியிருந்தது. பனிக்கால முடிவில் வெப்பம் பல ஆயிரம் ஆண்டுகளில் மெல்ல மெல்ல ஏறியது; இப்போது நம் ஆலைகளும் வண்டிகளும் அதை மிக விரைவாக ஏற்றிக்கொண்டிருக்கின்றன.

மரஞ்செடிகள் இதை உணர்ந்துவிட்டன என்பதற்குச் சிக்கிமில் ஓர் அரிய சான்று கிடைத்தது. ஜோசப் ஹூக்கர் என்னும் ஆங்கிலேயத் தாவர அறிஞர் 1849, 1850 ஆண்டுகளில் அம்மலைகளில் ஏறி இறங்கி, எந்தச் செடி எந்த உயரத்தில் நிற்கின்றது என்று எழுதி வைத்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதே மலைகளில் ஏறி அவருடைய குறிப்புகளோடு ஒப்பிட்டனர். அப்பகுதிக்கே உரிய 124 தாவர வகைகளில் 87 விழுக்காடு இடம் மாறியிருந்தன. சராசரியாகப் பத்தாண்டுக்கு 27 மீட்டருக்கு மேல் உயர ஏறியிருந்தன. இம்முடிவு 2013-இல் வெளியாயிற்று. ஒரு மனிதர் பொறுமையாக எழுதி வைத்த குறிப்பேடு எத்தனை தலைமுறை கழித்துப் பேசுகின்றது பாருங்கள்! (எங்கள் மாணவனின் குறிப்பேட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.)

சரி, மேலே ஏறிப் பிழைத்துக்கொள்ளட்டுமே என்று தோன்றலாம். இமயமலைக்கு அது பொருந்தும். நீலகிரிக்கு? தொட்டபெட்டாவின் உச்சி 2,637 மீட்டர். உதகையிலிருந்து நானூறு மீட்டர்தான் மிச்சம். ஒரு பாகை வெப்பம் கூடினால் பழைய குளிர்ச்சியைப் பெற ஏறத்தாழ 170 மீட்டர் ஏற வேண்டும் என்பது முன்பு சொன்ன கணக்கிலிருந்தே விளங்கும். மேலும் மலை கூம்பு வடிவானது. மேலே போகப் போக இடம் சுருங்கும். ஏற்கெனவே உச்சிக்கு ஒதுங்கி நிற்கும் காட்டுப்பூவரசுக்கு இனி ஏறுவதற்கு ஆகாயம்தான் இருக்கின்றது.

இதைவிட வருத்தமான செய்தி ஒன்றும் உண்டு. நீலகிரியின் இயல்பான தோற்றம் மடிப்புகளில் சோலைக்காடு, சரிவுகளில் புல்வெளி என்பது. சோலை மரங்களின் விதைகள் புல்வெளியில் விழாமல் இல்லை. விழுந்து முளைத்தவற்றை மார்கழி, தை மாதங்களின் உறைபனி கொன்றுவிடும். பனிதான் அங்கே வேலி. வெப்பம் கூடக் கூட அந்த வேலி தளர்கின்றது. அப்போது புல்வெளிக்குள் முதலில் நுழைபவர் யார்? பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2020-இல் வெளியிட்டனர். உறைபனி நாட்டு மரங்களின் கன்றுகளைத்தான் வாட்டுகின்றது; ஆஸ்திரேலியாவிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுவந்த வாட்டில் மரத்தை அவ்வளவாக வாட்டுவதில்லை. மலைமக்கள் சீகை என்று சொல்லும் மரம் அது. சோலை மரம் மூட்டை கட்டிக்கொண்டு புறப்படுமுன்பே சீகை போய் வீட்டைப் பிடித்துக்கொள்கின்றது. எல்லா மரங்களும் கைகோத்துக்கொண்டு ஒன்றாக மேலே ஏறுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம். விரைந்து காய்த்து விரைந்து முளைப்பது முந்துகின்றது; நூறாண்டு வாழும் பொறுமைசாலி பின்தங்குகின்றது.

திரும்பும் வழியில் வண்டி அவிநாசி தாண்டியதும் வெப்பக்காற்று முகத்தில் அடித்தது. தூங்குகின்றான் என்று நான் நினைத்திருந்த அந்த மாணவன் மெல்லக் கேட்டான்: "நம்மூர் மரம் எங்கே போகும், ஹஜ்ரத்? இங்கே மலையே இல்லையே?"

நான் விடை சொல்லவில்லை. விடை தெரியவில்லை என்பதுதான் உண்மை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். இந்த நூற்றாண்டில் தனக்குப் பழகிய வெப்பத்தை விட்டு விலகாமல் இருக்க வேண்டுமானால், ஓர் உயிர் ஆண்டுக்குச் சராசரியாக 420 மீட்டர் நகர வேண்டும் என்று 2009-இல் ஒரு கணக்கீடு வெளியாகியிருக்கின்றது. மலையில் சிறிது ஏறினால் போதும் என்பதால் அங்கே இந்த வேகம் குறைவு. தட்டையான நிலத்தில் மிக அதிகம். ஆக, மலையிலுள்ள மரத்துக்கு உச்சி முட்டுகின்றது. சமவெளியிலுள்ள மரத்துக்குத் தூரம் முட்டுகின்றது.

கோடைக் காலத்தில் வானிலைச் செய்தியைக் கேளுங்கள். தமிழகத்தில் வெயில் மிகுந்த ஊர்கள் என்று கரூர் பரமத்தி, ஈரோடு என நம் அண்டை ஊர்களின் பெயர்களே அடிக்கடி வருகின்றன. வெள்ளகோவிலும் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கின்றது. இங்கே ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர். இது பலருக்கு நினைவில்லாத எண். எனக்கும் மூன்றாண்டுகளுக்கு முன் நினைவில்லை.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகின்றேன். எங்கள் மையவாடியில் நின்ற இரண்டு பெரிய வெள்வேல மரங்கள் ஓர் ஆடிக் காற்றில் சாய்ந்துவிட்டன. அடுத்த சித்திரையில் என் சின்னத்தாவின் ஜனாஸாவுக்கு வந்தவர்கள் நிற்க நிழலின்றித் தவித்தார்கள். முதியவர் ஒருவர் மயங்கியே விழுந்தார். மரம் நடுவது என்று ஜமாஅத்தில் முடிவாயிற்று. பொறுப்பை நான் ஏற்றேன். இலவசமாகக் கிடைக்கின்றதென்று நாற்பது மகோகனிக் கன்றுகளை ஏற்றி வந்து, இளைஞர்களைக் கொண்டு குழி வெட்டி, வரிசை பிசகாமல் நட்டேன். இலை பளபளவென்று இருந்தது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள், நானும் மகிழ்ந்தேன். மகோகனியின் தாயகம் மத்திய அமெரிக்கா. ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் காட்டு மரம் அது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. இன்று குழாயடியில் நிற்கும் ஐந்து மட்டும் உயிரோடு இருக்கின்றன.

இன்று நடும் மரம் நாளை மறுநாள் வளர்ந்துவிடாது. அதன் நிழலில் நிற்கப்போகின்றவர் 2080-இல் இருப்பவர். அந்நாளைய வெயிலைத் தாங்குமா என்று கேட்டுத்தான் கன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் வனத்துறையினர் இதை ஒரு முறையாகவே செய்கின்றனர்; வெப்பம் மிகுந்த பகுதியில் விளைந்த விதையைக் குளிர்ந்த பகுதிக்குக் கொண்டுபோய் நடுகின்றனர். மரத்தால் நடக்க முடியாத தூரத்தை மனிதன் சுமந்து கடக்கின்றான்.

நம்மில் ஹஜ்ஜுக்குச் சென்று வந்தவர்கள் இதைக் கண்ணாலேயே கண்டிருப்பார்கள். அரஃபா மைதானத்தில் ஆயிரக்கணக்கில் நிற்பவை நம்மூர் வேப்பமரங்களே! ஹாஜிகளுக்கு நிழலாகட்டும் என்று அங்கே ஐம்பதாயிரம் வேம்புகள் நடப்பட்டன. அந்தப் பாலையில் வேம்பு தானாகப் போய் முளைத்திருக்க வழியே இல்லை. அதன் விதை சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். அதைச் சுமக்கும் மைனாவும் காகமும் கடல் கடக்கமாட்டா. மனிதன் கொண்டுபோனான்; நீர் ஊற்றுகின்றான்; நிற்கின்றது. நீரை நிறுத்தினால் என்னவாகும் என்று என் மகோகனிகளைப் பார்த்தவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

மையவாடியை ஒட்டி ஒரு கொரங்காடு இருக்கின்றது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கின்றேன்: கொரங்காடு என்பது காங்கயம் பகுதிக்கே உரிய மேய்ச்சல் நிலம். கீழே கொழுக்கட்டைப் புல், மேலே குடைபோல் விரிந்த வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கயம் மாடுகள் வளர்வது இதில்தான். மேய்ச்சலை விட்டுவிட்ட காடுகளில் சீமைக்கருவேல் புகுந்துவிட்டது; நீலகிரியில் சீகை செய்வதை இங்கே அது செய்கின்றது. இந்தக் காட்டில் மட்டும் செம்மறி மேய்க்கும் பெரியவர் ஒருவர் இன்னும் இருக்கின்றார். நான் குடத்தில் நீர் சுமப்பதை இரண்டு கோடைகளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், இவ்வாண்டு சித்திரையில் வேலிக்கு அப்பால் நின்று கூப்பிட்டார்.

"ஏனுங்க பாய், எத்தன நாளைக்குங்க இப்படித் தண்ணி சொமப்பீங்க?"

"என்ன செய்யறதுங்க பெரியவரே, மரம் வேணுமே."

"மரந்தானுங்க வேணும்? வெள்வேலாங்காய் பழுத்து உளுகுதுங்க. ஆடு அதத் தின்னு போட்டு பட்டியில புழுக்க போடுமுங்க. அந்தப் புழுக்கையில இருக்கிற வெதையப் பொறுக்கி, மழ பேஞ்சன்னிக்கு ஊனி உட்டுப்போட்டு நீங்க பாட்டுக்கு வூட்டுக்குப் போங்க. தண்ணியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாமுங்க. சும்மா கடினமான வெதைங்க அது. ஆட்டு வயித்துக்குள்ள போயிட்டு வந்தாத்தான் சீக்கிரமா மொளைக்கும்."

நான் திகைத்து நின்றேன். இருவாச்சியையும் காட்டுப்புறாவையும் பற்றி மலையுச்சியில் பிள்ளைகளுக்கு விரிவாகப் பாடம் நடத்தியவன், என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மரம் ஆட்டின் காலால் நடந்துகொண்டிருப்பதை அறியாதிருந்தேன்! கிடை எங்கே போகின்றதோ அங்கே வெள்வேலும் போகும். ஆட்டுக்கிடை நின்றுவிட்டால் அந்த மரத்தின் பயணமும் நின்றுவிடும். சீமைக்கருவேலின் நெற்றையும் ஆடுமாடுகள் தின்றுதான் பரப்புகின்றன என்பதையும் பெரியவரே சொன்னார். யாரைச் சுமப்பது என்பதை ஆடு பார்ப்பதில்லை; மேய்ப்பவர்தான் பார்த்துக் கருவேலங்கன்றைக் கையோடு பிடுங்கிவிட வேண்டுமாம்.

ஜமாஅத்தில் இதைச் சொன்னபோது சிலர் சிரித்தனர். முள் மரத்தையா மையவாடியில் வைப்பது என்று ஒருவர் கேட்டார். சாய்ந்துபோன இரண்டும் முள் மரங்கள்தாமே, அவற்றின் நிழலில்தானே நம் பாட்டனார்கள் நின்றார்கள் என்றேன். வேம்பும் சேர்த்து நடுவோம் என்று ஒரு சமாதானம் ஏற்பட்டது. வேம்பு விதையை, வெயில் இன்னும் மிகுந்த இராமநாதபுரம் பக்கத்திலிருந்து தருவிக்கலாமா என்று ஓர் இளைஞர் கேட்டிருக்கின்றார். அவருடைய மாமனார் வீடு அங்கே இருக்கின்றது. அடுத்த ஆனியில் பழம் பழுத்ததும் நாள் கடத்தாமல் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டுள்ளார்.

ஐப்பசியின் முதல் மழைக்கு மறுநாள், அந்த மாணவனும் அவன் தோழர்கள் நால்வரும் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் பட்டியிலிருந்து பொறுக்கிய விதைகளோடு வந்தனர். கப்ருகளுக்கு இடையே வெறுமையாக இருந்த ஓரங்களில் விரலால் குழி போட்டு ஊன்றினோம். எத்தனை விதை, எந்த இடம், என்ன தேதி என்பதெல்லாம் குறிப்பேட்டில் இருக்கின்றது. இதை எழுதும் இன்றைக்குப் பதினேழு முளைத்திருக்கின்றன. அவற்றில் மூன்றை, பெரியவரின் செம்மறிக் குட்டிகள் வேலிச் சந்து வழியாக நுழைந்து மேய்ந்துவிட்டன. அவர் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு கட்டுக் கிளுவைப் போத்து கொண்டுவந்து போட்டிருக்கின்றார். வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அதை நட வேண்டும்.